மத்தியானத்துக் குரல்கள்

ஸ்கூல் வேன் டிரைவர் டோக்கன் வாங்காமல் வந்து உட்கார்ந்த முதல் நாள், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் காலத்தில் கிளினிக்கின் நிழலுக்காக ஓரிருவர் அப்படி வந்து உட்காருவதுண்டு. காய்கறிக்காரன் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வருவான், ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பான், ஃபேனுக்குக் கீழே கொஞ்ச நேரம் முகத்தைக் காட்டிவிட்டுப் போய்விடுவான். டிரைவரும் அப்படித்தான் வந்திருப்பார் என்று சிஸ்டர் நினைத்தாள்.

அந்தத் தெருவில் அவளுக்கு சிஸ்டர் என்றுதான் பெயர். கல்யாணமாகி வந்த புதிதில் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தவள். மாமியாரைத் தவிர எல்லோரும், கேலிக்குப் புருஷன்கூட, அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கிளினிக் ஒன்றும் பெரிய இடமில்லை. நீளமாக ஒரு கூடம், எதிரெதிரே இரண்டு பெஞ்சு, மூலையில் எடை பார்க்கிற மெஷின், அதையொட்டி அவளுடைய மேஜை. மேஜைக்குப் பின்னால் டாக்டர் அறையின் கதவு. பஞ்சு உருட்டுவது, துணி கத்தரிப்பது, ஊசி போடுவது, கட்டுப் பிரிப்பது, பிரஷர் பார்ப்பது எல்லாம் அவள்தான். அதனால் உள்ளே பேசுவதில் முக்கால்வாசி அவள் காதில் விழும்.

சேர்ந்த அன்றைக்கே டாக்டர் சொல்லியிருந்தார்: "இங்க வர்றவங்க சட்டையைக் கழட்டறாங்களோ இல்லையோ, மனசைக் கழட்டி வெச்சுடுவாங்கம்மா. நீ பார்ப்ப. பார்த்த மாதிரி காட்டிக்கக் கூடாது."

அவள் காட்டிக்கொண்டதில்லை. பெயரைச் சொல்லி யாரையும் கூப்பிடமாட்டாள், டோக்கன் நம்பர்தான். கடைத்தெருவில் நோயாளி யாராவது எதிரே வந்தால் முதலில் சிரிக்கமாட்டாள். அவர்களாகச் சிரித்தால் சிரிப்பாள், இல்லையென்றால் தக்காளியைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொள்வாள். டாக்டரிடம் வருவதைக் கட்டின மனைவிக்கே சொல்லாதவர்கள் இருப்பார்கள் அல்லவா? தெருப் பெண்கள் அவள் வாயைப் பிடுங்கிப் பார்த்து அலுத்துப்போய், "சிஸ்டர் வாயில பிளாஸ்திரி ஒட்டியிருக்குடி" என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இரண்டாம் நாளும் டிரைவர் வந்தார். எதிர் பெஞ்சின் ஓரத்தில், நேராக அவளைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தார்.

"டோக்கன் வாங்கலையாண்ணே?"

"வேண்டாம்மா. சும்மாதான்."

அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. கண்ணை எடுக்கவும் இல்லை. அவள் பேனாவை எடுத்தால் பேனாவைப் பார்த்தார். போனில் பேசினால் உதட்டைப் பார்த்தார். ஒரு கிழவர் குனிந்து அவள் காதருகே மலச்சிக்கலைப் பற்றி ரகசியமாகச் சொன்னபோது, டிரைவரின் கழுத்து இரண்டு விரற்கடை முன்னால் நீண்டது. கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. அந்த முகத்தில் கோபம் இல்லை. எதையோ தவறவிட்டவன் தரையைத் தேடுகிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. கடைசி நோயாளி போனதும் எழுந்து அவரும் போய்விட்டார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் ரெக்ஸின் மேல் வியர்வை ஈரம் மட்டும் இருந்தது. சிஸ்டர் அதைத் துணியால் துடைத்தாள். துடைத்த பிறகும் அங்கே யாரோ இருக்கிற மாதிரியே இருந்தது.

மூன்றாம் நாள் டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார்.

"கதவைச் சாத்தும்மா. டிரைவருக்கு வேலை போயிடுச்சு, தெரியுமா?"

"தெரியாதே சார்."

"பசங்களோட அப்பா அம்மாவெல்லாம் சேர்ந்து வேன் ஓனர்கிட்ட போயிருக்காங்க. வலிப்பு வர்றவன் கையில புள்ளைங்களைக் குடுத்திருக்கியேன்னு சட்டையைப் பிடிக்காத குறை."

டிரைவர் தனியாக வந்தது போன மாதம். எல்லோரும் போன பிறகு வந்து, குளிக்கிற இடத்தில் விழுந்து கிடந்ததையும், நாக்கைக் கடித்துக்கொண்டதையும் சொல்லி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். இவள்தான் நெற்றிக் காயத்துக்கு மருந்து போட்டாள்.

"பெத்தவங்க கேக்கறதுல தப்பு சொல்ல முடியாது," என்றார் டாக்டர். "ஆனா அந்த மனுஷன் அன்னைக்கே ஸ்டியரிங்கை விட்டுட்டார். கை வலின்னு சொல்லி மச்சானை ஓட்ட வெச்சுட்டு, இவர் பக்கத்துல உட்கார்ந்து புள்ளைங்களை ஏத்தி இறக்கிட்டு இருந்தார். நீங்களே ஓனர்கிட்ட சொல்லிடுங்க, வண்டியைத் திரும்பத் தொட்டீங்கன்னா நான் சொல்ல வேண்டி வரும்னு கண்டிப்பா சொல்லியிருந்தேன். பொண்டாட்டிகிட்ட முதல்ல சொல்லிக்கறேன் சார், கொஞ்சம் டைம் குடுங்கன்னார். அவர் பேச்சை அவர் காப்பாத்தினார், என் பேச்சை நான் காப்பாத்தினேன். கடைசியில அந்தப் பொம்பளைக்கு விஷயம் குழாயடியில தெரிஞ்சிருக்கு."

சிஸ்டர் மேஜைமேல் இருந்த பஞ்சுத் தட்டை நேராக வைத்தாள்.

"இது தெரிஞ்சது மூணு பேருக்குத்தாம்மா. அவர், நான், நீ."

"சார், சத்தியமா…"

"சத்தியம் கேக்கல. உன்னை எனக்குத் தெரியும். அதனாலதான் குழப்பமா இருக்கு. வாய் தவறி எங்கயாவது விட்டுட்டியான்னு யோசிச்சுப் பாரு."

யோசித்துக்கொண்டேதான் வீட்டுக்கு நடந்தாள். கிளினிக்கை மத்தியானம் மூடினால் மறுபடி சாயந்திரம்தான் திறக்க வேண்டும். அந்த வருஷத்து வெயில் ஒரு மாதிரி. காற்று அசையவில்லை. மரத்தில் இலைகூட எதற்கோ காத்திருக்கிற மாதிரி நின்றது. தெருவில் எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டிருந்தார்கள். தன் செருப்புச் சத்தம் தனக்கு முன்னால் போய் ஒவ்வொரு கதவையும் தட்டுவதுபோல் அவளுக்குக் கேட்டது.

வீட்டில் மூன்று பேர்தான். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். காலையில் பைக்கில் போனால் ராத்திரிதான் திரும்புவான். மாமியார் அந்தக் காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டவள். குரல் இன்னும் தேன் மாதிரி இருக்கும். "எத்தனை குடும்பத்துப் பேச்சு கேட்டிருப்பேன், ஒருத்தருக்கும் மூச்சு விட்டதில்ல" என்று சொல்லுவாள். மருமகள் வாயை இறுக்கிக்கொள்வதை மெச்சுகிற ஒரே ஆள் அவள்தான்.

அந்த மாமியார் விஷயத்திலும் சிஸ்டர் ஒன்றை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை என்று அத்தையை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், வயிற்றில் கட்டி. டாக்டர் அதை மகனைத்தான் கூப்பிட்டுச் சொன்னார். "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் சார், தாங்கமாட்டாங்க" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் முகத்தைச் சுளித்தார், ஆனால் சரி என்றார். அத்தையிடம் வயிற்றுப் புண் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்போது, எப்படிக் கூட்டிப்போவது என்று புருஷனும் மனைவியும் அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினார்கள்.

அன்று அத்தை தட்டில் சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றி, எதிரே உட்கார்ந்தாள். தான் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்தினாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்:

"ஏம்மா, அந்த போட்டோ ஸ்டூடியோக்காரருக்குக் காதுக்குள்ள இன்னும் மணி அடிக்குதாமா?"

சிஸ்டரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. ஸ்டூடியோக்காரர் அதை டாக்டரிடம் சொன்னது கதவைச் சாத்திக்கொண்டு. பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து பயந்து சொன்னார்.

"உங்களுக்கு யார் சொன்னா அத்தை?"

"நீதான் சொன்ன."

"நானா? எப்போ?"

அத்தை அவளையே பார்த்தாள். ஜன்னல் அடைத்திருந்ததால் அறையில் பாதி இருட்டு. முகம் சரியாகத் தெரியவில்லை.

"சாப்பிடும்மா. ஆறிடப் போகுது."

ராத்திரி புருஷன் வந்து கையில் ஒட்டிய கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னங்க, நான் உங்ககிட்ட எப்பவாவது கிளினிக் விஷயம் ஏதாவது சொல்லியிருக்கேனா?"

"நீயா? உன்கிட்ட இருந்து ஒரு தலைவலி மாத்திரை பேர் கேட்டு வாங்கறதுக்குள்ள எனக்குத் தலைவலி போயிடும்."

"தூக்கத்துல?"

அவன் சிரித்தான். "ராத்திரியில அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவ. மத்தியானத் தூக்கத்துலதான் ஏதோ முணுமுணுப்ப. லீவு நாள்ல பார்த்திருக்கேன். நம்பர் நம்பரா கூப்பிடுவ. ஒரு தடவை ஆம்பளை குரல்ல இருமின. நான் பயந்தே போயிட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"இதையெல்லாம் போய்ச் சொல்லுவாங்களா? அலுப்புல உளறுறன்னு விட்டுட்டேன்." கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "அம்மா சொல்லலையா? அவங்கதானே மத்தியானம் உன்கூட இருக்காங்க," என்றான்.

மறுநாள் காலை சிஸ்டர் மொட்டை மாடிக்குப் போனபோது மாடி வீட்டுக்காரி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பையன் டிரைவரின் வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறவன். சிஸ்டர் வாய் திறப்பதற்கு முன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க அத்தை மட்டும் அன்னைக்குச் சொல்லலைன்னா என் புள்ள கதி என்ன? நல்லா இருக்கணும் அவங்க. பாவம், சொல்றதுக்கு அவ்வளவு தயங்கினாங்க. 'யார்கிட்டயும் சொல்லாத, உன் புள்ளையை மட்டும் வேற வண்டியில அனுப்பு'ன்னாங்க. மனசு கேக்குமா சிஸ்டர்? மத்ததும் பெத்தவங்கதானே. சொல்லிட்டேன்."

அவளை என்ன குறை சொல்வது? சிஸ்டர் படியிறங்கினாள். அத்தை வாயிலிருந்து போயிருக்கிறது. அத்தைக்கு இவள் வாயிலிருந்து போயிருக்கிறது. இவளுக்குத் தெரியாமல் இவள் வாய் திறந்திருக்கிறது.

அதன் பிறகு மத்தியானம் படுப்பதை விட்டாள். சாப்பிட்டதும் முகத்தைக் கழுவிக்கொண்டு அடுக்களையில் நின்றாள். அலமாரிப் பாத்திரத்தையெல்லாம் இறக்கித் தேய்த்தாள். அத்தை கூடத்தில் பாயை விரித்து வைத்துவிட்டு, "படுக்கலையாம்மா?" என்பாள். "வேலை இருக்கு அத்தை." சற்றுப் பொறுத்து மறுபடி, அதே தேன் குரலில், "கொஞ்சம் கண்ணை மூடேன். முகமே சோர்ந்து கிடக்கு." முன்பெல்லாம் அக்கறையாகக் கேட்ட அந்தக் குரல் இப்போது முதுகுத்தண்டில் ஊர்ந்தது. எழுந்து நிற்கிறவளைப் படுக்க வைக்க ஒருத்தி இவ்வளவு ஆசைப்படுவாளா?

கிளினிக்கில் எதிர் பெஞ்சில் டிரைவர், வீட்டில் விரித்த பாயோரம் அத்தை. ஒருவர் இவள் உதட்டைப் பார்க்கிறார், ஒருத்தி இவள் இமையைப் பார்க்கிறாள். நடுவில் தன் வாயே தனக்கு அந்நியமாகி, யாரோ குடியிருக்கிற வீடு மாதிரி ஆகிவிட்டது. நோயாளிகள் பேச ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. தூக்கம் கெட்டதில் பஞ்சுத் தட்டைக் கீழே போட்டாள். ஒரு பெண்ணுக்கு ஊசி போடப் போய்க் கை தடுமாறியது. டாக்டர் ஊசியை வாங்கித் தானே போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். தூங்கினால் என்ன நடக்கிறது என்று, தூங்காமல் பார்த்துவிடுவது.

அன்று சாப்பிட்டதும் பாயில் போய்ச் சாய்ந்தாள். "அப்பாடா," என்றாள் அத்தை. ஜன்னல் கதவின் கொக்கியை இன்னொரு தரம் சரிபார்த்தாள். சிஸ்டர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடி, மூச்சை நிதானமாக விட்டாள். தலைக்கு மேல் ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'டொக்' என்றது. வெளியே காக்கைகூடக் கத்தவில்லை.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு முக்காலி தரையில் இழுபடுகிற சத்தம். மெதுவாக, தூக்கித் தூக்கி வைத்து இழுக்கிற சத்தம். அது அவள் தலைமாட்டில் வந்து நின்றது. புடவை சரசரத்தது. மாத்திரை வாசனையும் வெறும் வயிற்றின் புளித்த வாசனையும் கலந்த ஒரு மூச்சு காதோரம் பட்டது.

"ஹலோ," என்றது குரல். அத்தையின் குரல்தான், ஆனால் முப்பது வருஷம் இளைய குரல். "லைன்ல இருக்கீங்களா?"

சிஸ்டருக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. அசையவில்லை.

"அடுத்த டோக்கன் யாரு? வரச் சொல்லுங்க." கொஞ்சம் பொறுத்தாள். "உங்க மாமியார் வந்திருக்காங்களே, வயசானவங்க. வயித்து வலின்னு. அவங்க உட்கார்ந்துட்டாங்களா? பேசச் சொல்லுங்க."

ஃபேன் டொக் என்றது.

"பேசிட்டாங்களா? அப்ப டாக்டர் பேசட்டும். டாக்டர் என்ன சொல்றார்? சொல்லுங்க, கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தவளுக்கு அந்தக் கெஞ்சல் காலைக் கட்டிப்போட்டது. சுவர்ப் பக்கம் திரும்பியபடியே கிடந்தாள். இமைக்கு உள்ளே கண்ணீர் முட்டியது.

"நீ முழிச்சுட்டுதான் இருக்க," என்றாள் அத்தை, இப்போது தன் சொந்தக் குரலில். "தூங்கறப்ப உன் மூச்சு வேற மாதிரி இருக்கும். எனக்குத் தெரியாதா? திரும்ப வேண்டாம். அப்படியே படுத்துக்கோ. முகத்தைப் பார்த்தா ரெண்டு பேராலயும் பேச முடியாது."

சிஸ்டர் திரும்பவில்லை.

"எப்போல இருந்து அத்தை?"

"நீ பேசறது எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். முதல்ல எல்லாம் உன் புருஷன் மாதிரி நானும் சிரிச்சுட்டு விட்டுடுவேன். நீ பேசினா உன் குரல்ல பேசமாட்ட. வந்தவங்க குரல்லயே பேசுவ. டிரைவர் பேசறப்ப உன் தொண்டை கரகரன்னு ஆயிடும். அந்த ஸ்டூடியோக்காரர் மாதிரி இழுத்து இழுத்துப் பேசுவ. எக்ஸ்சேஞ்சுல ராங் லைன் விழுந்த மாதிரிதான் இருக்கும். காதை எடுத்துட்டுப் போயிடுவேன். கேட்டது இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு நாள் என் குரல்ல பேசின."

ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நான் அடுக்களையில கீரை ஆய்ஞ்சுட்டு இருக்கேன், கூடத்துல இருந்து நானே பேசறேன். 'எனக்கு ஒன்னும் இல்லையே டாக்டர்?' அதே இழுவை. அதே பயம். கையில இருந்த கீரை அப்படியே விழுந்துடுச்சு. வந்து பார்த்தா நீ தூங்கற. நான் அந்த ரூம்ல கேட்ட கேள்வி, வார்த்தை பிசகாம உன் வாயில இருந்து வருது. சரி, அடுத்து டாக்டர் பதில் சொல்லுவாரேன்னு நின்னேன். அங்க நிறுத்திட்ட. தினமும் அதே இடத்துல நிறுத்திடுவ. டாக்டர் பதில் சொல்ற இடத்துல உன் வாய் மூடிக்கும். என்கிட்ட புண்ணுன்னு சொன்னது இல்ல, உங்ககிட்ட சொன்ன அந்த பதிலுக்குத்தாம்மா உட்கார்ந்தேன். மத்தவங்க கதை கேக்கவா உட்கார்ந்தேன்? வழியில வந்து விழுந்துச்சு. அந்த டிரைவர் விஷயமும் அப்படி விழுந்ததுதான். மாடி வீட்டுப் பையன் டெய்லி எனக்கு டாட்டா காட்டிட்டு அந்த வேன்ல ஏறறான். வாயை மூடிக்கிட்டு எப்படி இருக்கறது? அவர் ஓட்டறதை விட்டுட்டார்னு எனக்கு எங்க தெரியும்? பாதி கேட்டேன், முழுசா சொல்லிட்டேன்."

"என்னை நேரா கேட்டிருக்கலாமே அத்தை."

"கேட்டா சொல்லியிருப்பியா?"

சிஸ்டர் சுவர்ச் சுண்ணாம்பை நகத்தால் கீறினாள்.

"அவன் பழம் வாங்கிட்டு வர்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல வாங்காத பழம். நீ ஒரு குடத்தைத் தூக்க விடமாட்டேங்கற. ரெண்டு பேரும் குழாயைத் திறந்துவிட்டுட்டுப் பேசறீங்க. பாத்திரமே இல்லாத தொட்டியில தண்ணி கொட்டுது. நான் காதால பொழைச்சவம்மா." சிரிக்கப் பார்த்தாள், இருமலாக வந்தது. "இப்ப சொல்லு. கண்ணை மூடிக்கிட்டே சொல்லு. தூக்கத்துல சொன்னதா வெச்சுக்கறேன். டாக்டர் என்ன சொன்னார்?"

சொல்லிவிட்டால் தீர்ந்தது. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எதைச் சொல்வது? இவளும் பாதி கேட்டவள்தானே? புருஷன் சொன்னது, ஸ்கேன் எடுத்தவன் முகம், டாக்டர் பெருமூச்சு. அதையெல்லாம் சேர்த்துத் தைத்து, இருட்டில், சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு மனுஷியின் தலையில் போடுவதா?

"அத்தை, அதை நான் சொல்லக் கூடாது. டாக்டர்தான் சொல்லணும். உங்ககிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

அத்தை புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"அப்ப இருக்கு," என்றாள். "வெறும் புண்ணுன்னா நீ இப்பவே சொல்லியிருப்ப."

முக்காலி நகர்ந்தது. இந்தத் தடவை தூக்காமல், தரையில் கரகரவென்று இழுபட்டது. அடுக்களையில் அடுப்புப் பற்றுகிற சத்தமும், டம்ளரில் கரண்டி சுற்றுகிற சத்தமும் கேட்டன. சிஸ்டர் எழுந்து போனபோது இரண்டு டம்ளரில் டீ இருந்தது. அத்தை தன்னுடையதை முழுவதும் குடித்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். இருவரும் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை இருவரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். அத்தை வேலைக்குப் போகிற காலத்தில் கட்டுகிற மாதிரி புடவையை நறுவிசாகக் கட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். டிரைவரும் வழக்கமான இடத்தில் இருந்தார். அத்தை நேராகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தம்பி, கொஞ்சம் வாசலுக்கு வர்றீங்களா? பேசணும்."

வாசல் மரத்தடியில் நின்று அத்தையே சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல். சிஸ்டர் தலை குனிந்து பக்கத்தில் நின்றாள். "இவ வேணும்னு சொல்லல. இவளுக்கே தெரியாது. கேட்டதும் நான், போய்ச் சொன்னதும் நான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

டிரைவர் திட்டவில்லை. மரத்தில் சாய்ந்துகொண்டார்.

"தூக்கத்துலயா?" என்றார் சிஸ்டரைப் பார்த்து.

"ஆமாண்ணே."

"நான் எதுக்கு டெய்லி இங்க வந்து உட்கார்ந்தேன் தெரியுமா? நீ யார்கிட்டயாவது வாயைத் திறக்கறியான்னு பார்க்கத்தான். நீ திறக்கவே இல்ல. அதுதாம்மா எனக்குக் கிலியாயிடுச்சு. டாக்டர் சொல்லல, நீ சொல்லல. அப்ப நானேதான் சொல்லியிருக்கணும். வலிப்பு வந்து எங்கயாவது கிடக்கறப்ப என்ன உளறினேனோ, யார் நின்னு கேட்டாங்களோன்னு… என் வாய் மேலேயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. வீட்டுல பேசறதையே விட்டுட்டேன். பொண்டாட்டி நான் அவகிட்ட மறைச்சேன்னு அழறா. அதுக்குக்கூடப் பதில் சொல்ல முடியல."

அவர் சொன்னது சிஸ்டருக்குத் தன் மனசையே யாரோ எடுத்துப் படித்த மாதிரி இருந்தது.

"என்னைப் பத்தி வேற என்ன கேட்டீங்க?" என்று அத்தையிடம் கேட்டார்.

"நீங்க அழுததைக் கேட்டேன். அதை யார்கிட்டயும் சொல்லல."

அவர் தலையாட்டினார். மன்னித்தேன் என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. "வீட்டுக்குப் போய்ப் பேசறேன்," என்றார். வெயிலில் இறங்கி நடந்தார். அதற்குப் பிறகு அந்த பெஞ்சில் அவர் வந்து உட்காரவில்லை. மாத்திரைக்கு வேறு ஒரு டாக்டரிடம் போவதாகப் பின்னால் கேள்விப்பட்டார்கள். வேன் ஓனரின் ஷெட்டிலேயே வண்டி கழுவுகிற வேலை கிடைத்ததாகவும் சொன்னார்கள்.

டாக்டரிடம் சிஸ்டர் நடந்ததைச் சொன்னாள். வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"உன் தூக்கத்துக்கு நான் என்ன சட்டம் போடறது? கட்டுப் போடறப்ப மட்டும் உள்ள வா, மத்த நேரம் வெளியில இரு. பார்ப்போம்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "நீ தூக்கத்துல செஞ்சதை நான் முழிச்சுக்கிட்டே செஞ்சிருக்கேன். உங்க அத்தை என் பேஷண்ட். அவங்க உடம்பைப் பத்தி அவங்களைத் தவிர எல்லார்கிட்டயும் பேசியிருக்கேன். வரச் சொல்லு."

அத்தை உள்ளே வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். சிஸ்டர் பிரஷர் பார்க்கிற கருவியை எடுத்தாள்.

"அதை அப்புறம் பார்த்துக்கலாம்," என்றாள் அத்தை. "நீ வெளியில போம்மா. கதவைச் சாத்திட்டுப் போ."

குரலில் கோபம் இல்லை. நோயாளி சொல்கிற குரல். சிஸ்டர் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். மேஜையருகே நின்றால் உள்ளே பேசுவது முணுமுணுப்பாகவாவது கேட்கும். அது அவளுக்குத் தெரியும். கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருமுனைக் குழாய்வரை போய் நின்றாள். குழாயில் தண்ணீர் வரவில்லை. கை கழுவுகிற மாதிரி அதைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

அத்தை வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. முகம் வெளுத்திருந்தது, நடை நிதானமாக இருந்தது. "வெயில் ஏறிடுச்சு, நான் போறேன். நீ வேலையைப் பாரு," என்றாள். சிஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை.

ராத்திரி மகன் வந்ததும் வராததுமாக அம்மா முன்னால் உட்கார்ந்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"டாக்டர்கிட்ட போனியாமே. என்ன சொன்னார்?"

"அது எனக்கும் டாக்டருக்கும்."

"அம்மா, நான் உன் புள்ள."

"அதனாலதான் உன்கிட்ட சொல்லுவேன். எப்போன்னு நான் முடிவு பண்ணிக்கறேன். திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும், லீவு போடு. இப்ப போய்க் கையைக் கழுவு, கிரீஸு."

அவன் எழுந்து வந்து மனைவியைப் பிடித்துக்கொண்டான். "நீ பக்கத்துலதானே இருந்திருப்ப. என்ன சொன்னார்? எவ்வளவு சொன்னார்?"

"தெரியாதுங்க."

"என்கிட்டயே பூட்டு போடறியா?"

"நிஜமாவே தெரியாது," என்றாள். நோயாளிகள் விஷயத்தைக் கேட்ட எத்தனையோ பேரிடம் இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள். அது உண்மையாக இருந்தது இதுதான் முதல் தடவை.

அடுத்த நாள் மத்தியானமும் காற்று அசையவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அத்தை பாயை எடுத்து விரித்தாள். "படுத்துக்கோம்மா. எத்தனை நாள் தூக்கம்," என்றாள். பிறகு தன் அறைக்குப் போனாள். எப்போதும் திறந்தே கிடக்கிற அந்தக் கதவு சாத்தப்படுகிற சத்தமும், உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கேட்டன.

சிஸ்டர் பாயில் சாய்ந்தாள். தூங்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஃபேன் சத்தத்தை எண்ண ஆரம்பித்தாள். எண்ணிக்கை எங்கோ நழுவியது.

விழித்தபோது சாயந்திர வெயில் ஜன்னல் இடுக்கு வழியாகக் கோடு போட்டிருந்தது. வாய் உலர்ந்து, தொண்டை கரகரவென்று வலித்தது, நெடுநேரம் பேசியவளின் தொண்டைபோல. எழுந்து உட்கார்ந்து அத்தை அறையைப் பார்த்தாள். கதவு சாத்தியபடியே இருந்தது. முக்காலி சுவரோரம் இருந்தது. என்ன பேசினாள், யார் குரலில் பேசினாள், பேசவே இல்லையா என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. சொம்பில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, தலையை வாரிக்கொண்டு, கிளினிக் திறக்கப் போனாள்.